புதிய நகரத்துக்கு ஃபைபர் இணையம்: கதவுக் கணக்கு முதல் அறுந்த கேபிள் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு நகரத்துக்குப் புதிதாக ஃபைபர் இணையம் கொண்டுபோகும் வேலையில் கண்ணாடி இழைதான் மலிவான பொருள். பணத்தில் பெரும்பங்கு சாலையை வெட்டுவதிலும், டக்ட் (கேபிள் போகும் குழாய்) புதைப்பதிலும், வெட்டிய இடத்தைப் பழையபடி மூடித் தருவதிலும் போய்விடும். 48 இழை போதும் என்று கணக்கு வரும் இடத்தில் 96 இழை கேபிள் போட்டால் மொத்தச் செலவு கொஞ்சம்தான் ஏறும். அதே சாலையை மூன்று வருடம் கழித்து மறுபடி வெட்ட நேர்ந்தால் முதல் செலவு முழுக்க இன்னொரு முறை வரும். இழையில் தாராளம், தோண்டுவதில் சிக்கனம் என்ற கணக்கில்தான் கீழே உள்ள எல்லாப் படிகளும் ஓடுகின்றன.

இங்கே சொல்வது பான் (PON) முறைப்படி, அதாவது ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கட்டும் வலையமைப்பு. இணைய நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி (OLT) என்ற தலைமைக் கருவியிலிருந்து ஒரு இழை கிளம்பும். வழியில் மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்லிட்டர் அந்த ஒளியை 32 அல்லது 64 பங்காகப் பிரிக்கும். ஒவ்வொரு பங்கும் ஒரு வீட்டின் ஓஎன்டி பெட்டியில் போய் முடியும்.

1. கதவுக் கணக்கு

செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணுவது சுலபம். ஆனால் ஒரு கூரைக்குக் கீழே ஒரு குடும்பமும் இருக்கலாம், நாற்பது குடும்பமும் இருக்கலாம். படத்தை வைத்துத் தொடங்கி, தெருத்தெருவாக நடந்து கதவுகளை எண்ணித்தான் முடிக்க வேண்டும். நடக்கும்போதே சாலை தாரா, கான்கிரீட்டா, மண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பங்கள், ஏற்கெனவே இருக்கும் சேம்பர்கள் (கேபிளைக் கையாளத் தரைக்கடியில் கட்டிய தொட்டிகள்), பாலங்கள், ரயில் பாதை குறுக்கிடும் இடங்கள் எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். ரயில் பாதையையும் ஆற்றையும் கடக்க அனுமதி வாங்குவதுதான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் அதிக நாள் இழுக்கும். அவற்றுக்கு முதல் நாளே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

இரண்டு எண்களைக் குழப்பக்கூடாது. கேபிள் வாசலைக் கடந்துபோகும் வீடுகள் ஒரு எண். உண்மையில் இணைப்பு வாங்கும் வீடுகள் இன்னொரு எண். இந்த இரண்டின் விகிதம்தான் திட்டம் பிழைக்குமா என்பதைச் சொல்லும். 2012இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கூகுளின் இணைய சேவையான கூகுள் ஃபைபர் நகரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, போதுமான வீடுகள் முன்பதிவு செய்த பகுதிகளுக்கு மட்டும் கேபிள் போடுவது என்ற முறையைக் கொண்டுவந்தது. முன்பதிவு வாங்கிக்கொண்டு தோண்டுவது இன்றும் நல்ல வழி. வெறும் பெயரும் ஃபோன் எண்ணும் எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள்; சிறு தொகையாவது கட்டிப் பதிந்தவரையே கணக்கில் சேருங்கள்.

இனி வரும் கணக்குகளுக்கு ஒரு நகரத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: 12,000 கதவுகள், அதில் 40 சதவீதம் இணைப்பு வாங்கும், அதாவது 4,800 இணைப்புகள்.

2. ஸ்ப்லிட்டர் எங்கே உட்காரும்?

பின்னால் மாற்றவே முடியாத முடிவு இது. எந்தக் கருவி வாங்குவது என்பதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் பங்கு. பான் முறையின் ஒரு வகையான ஜிபான், ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் (ஒரு இழை கிளம்பும் துளையில்) கீழ்நோக்கி, அதாவது வீட்டுப் பக்கம், 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244 ஜிபிபிஎஸ் தரும். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழுமூச்சாக இறக்கினால் ஆளுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ் வரும். 64 வீடு என்றால் சுமார் 39. நடைமுறையில் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அதனால்தான் இந்த முறையே ஓடுகிறது. ஆனால் 1 ஜிபிபிஎஸ் திட்டத்தை விற்கப்போகிறீர்கள் என்றால் ஜிபானில் 1:64 போடுவது தலைவலியை விலைக்கு வாங்குவதுதான். புதிய நகரத்தில் இன்று தொடங்குபவர்கள் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பானிலேயே தொடங்குவது நல்லது. முடியாவிட்டால், பின்னால் அதைச் சேர்க்க இடம் விட்டாவது கட்டுங்கள். ஜிபான் கீழ்நோக்கி 1490 நானோமீட்டரும் மேல்நோக்கி 1310 நானோமீட்டரும் பயன்படுத்துகிறது. எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு அவை 1577, 1270. அலைநீளம் வேறு என்பதால் இரண்டும் ஒரே இழையில் சண்டையில்லாமல் போகும்.

அடுத்தது இடம். தெருவோரக் கேபினெட் ஒன்றில் எல்லா ஸ்ப்லிட்டர்களையும் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை கொண்டுபோவது ஒரு முறை. கேபினெட்டில் ஒரு 1:4, அதன்பின் கம்பத்திலோ சேம்பரிலோ ஒரு 1:8 என்று இரண்டு கட்டமாகப் பிரிப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் விநியோகக் கேபிள் மெல்லியதாக இருக்கும், ஸ்ப்லைஸ் (இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் இடம்) எண்ணிக்கை குறையும், முதல் செலவும் குறையும். ஆனால் யார் இணைப்பு வாங்குவார்கள் என்று தெரிவதற்கு முன்பே எல்லாக் கதவுக்கும் போர்ட் ஒதுக்கிவிட்டீர்கள். 12,000 ஐ 32ஆல் வகுத்தால் 375 பான் போர்ட்கள் முதல் நாளே வேண்டும்.

ஒரே கேபினெட்டில் வைத்தால், வாங்கிய வீட்டின் இழையை மட்டும் ஸ்ப்லிட்டரில் செருகலாம். 4,800 இணைப்பு, ஒவ்வொரு ஸ்ப்லிட்டரும் 80 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 188 போர்ட்களே போதும். 16 போர்ட் உள்ள ஓஎல்டி கார்டுகள் 12. 288 கதவுக் கேபினெட் ஒன்றில் ஒன்பது 1:32 ஸ்ப்லிட்டருக்கு இடம் இருக்கும். 40 சதவீதத்துக்கு நாலு வைத்துத் தொடங்கி, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டே போகலாம். வீடுகள் நெருக்கமான பகுதிக்கு ஒரே கேபினெட், வீடு விட்டு வீடு தூரமான புறநகருக்கு இரண்டு கட்டம் என்று கலந்து வைப்பதே சரி. இரண்டையும் ஒரே தெருவில் கலக்காதீர்கள். பழுது பார்க்கப் போகிறவர் குழம்பிவிடுவார்.

3. ஒளி இழப்புக் கணக்கு

ஓஎல்டியிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் ஒளி எவ்வளவு மங்கும் என்பதை டெசிபலில் சொல்வது இந்தக் கணக்கு. ஒவ்வொரு கேபினெட்டிலும் மிகத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு இதைப் போடுங்கள். இழப்பு அதிகம் காட்டும் 1310 நானோமீட்டரில் போட வேண்டும். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு வீடு:

இழை, கி.மீ.க்கு 0.35 டெசிபல் வீதம் 9 கி.மீ.: 3.15
1:32 ஸ்ப்லிட்டர்: 17.0
எட்டு ஃப்யூஷன் ஸ்ப்லைஸ், தலா 0.1: 0.8
ஆறு கனெக்டர், தலா 0.3: 1.8
மொத்தம்: 22.75 டெசிபல்

இதோடு 3 டெசிபலைக் கையிருப்பாகச் சேருங்கள். எதிர்காலத்தில் கேபிள் அறுந்து ஒட்டும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்ப்லைஸ் கூடும், கனெக்டர் பழசாகும், எக்ஸ்ஜிஎஸ்-பானைச் சேர்க்க வைக்கும் அலைநீள இணைப்பான் கொஞ்சம் தின்னும். ஆக 25.75. ஜிபானின் பி+ வகை ஒளிக்கருவி 28 டெசிபல் வரை தாங்கும் என்பதால் இது தேறும். அதே வீட்டுக்கு 1:64 போட்டால் ஸ்ப்லிட்டர் மட்டும் 20.5 ஆகி, மொத்தம் 29.25க்குப் போய்விடும். அப்போது 32 டெசிபல் தாங்கும் சி+ வகை வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் ஒளி கூடிப்போகலாம். பி+ வகைக்குக் குறைந்தபட்ச இழப்பு 13 டெசிபல். சோதனை மேசையில் ஸ்ப்லிட்டர் இல்லாமல் ஓஎல்டியையும் ஓஎன்டியையும் நேரே இணைத்துவிட்டு ‘பெட்டி பழுது’ என்று திருப்பி அனுப்புபவர்கள் இதை மறந்தவர்கள்.

4. பாதையும் நிலையமும்

நிலையத்திலிருந்து கேபினெட்டுக்குப் போகும் ஃபீடர் கேபிளை வளையமாக அமையுங்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக ஓட வேண்டும். வளையம் என்று வரைபடத்தில் காட்டிவிட்டு, நிலையத்தின் வாசலில் இரண்டு கேபிளையும் ஒரே பள்ளத்தில் போடுவது எங்கும் நடக்கிற தப்பு. ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள் போனால் அது ஒரே கேபிள்தான். பொக்லைன் இரண்டையும் ஒரே வாளியில் அள்ளிவிடும். கட்டடத்துக்குள் நுழையும் இடமும் இரண்டாக இருக்கட்டும்.

வெளியுலகத்தோடு இணைக்கும் பேண்ட்விட்த்துக்குக் கணக்கு எளிது. உச்ச நேரத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 3 எம்பிபிஎஸ் என்று திட்டமிட்டால் 4,800 வீட்டுக்கு 14.4 ஜிபிபிஎஸ். இரண்டு வழியில் இரண்டு 10 ஜிபிபிஎஸ் வாங்கினால் 20 ஆகிறதே, போதும் என்று தோன்றும். ஒரு வழி போனால் மிஞ்சுவது 10தான், அன்று இரவு நகரம் முழுக்கப் புகார் வரும். ஒவ்வொரு வழியும் தனியாகவே மொத்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

நிலையத்துக்கு மைனஸ் 48 வோல்ட் மின்சாரம். 2 கிலோவாட் சுமையை 8 மணி நேரம் தாங்க 16 கிலோவாட்-மணி வேண்டும், அதாவது 48 வோல்டில் சுமார் 333 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தால் சுமார் 670 ஆம்பியர்-மணி வாங்க வேண்டும். குளிர்சாதனம் இந்தக் கணக்கில் இல்லை என்பதை மறக்காதீர்கள். பேட்டரி தீருவதற்கு முன்பே அறை சூடாகிக் கருவி நின்றுபோவதுதான் வழக்கம். ஜெனரேட்டரில் ஏ.சி.யும் ஓட வேண்டும்.

5. அனுமதியும் பூமிக்கடியில் தேடலும்

சாலை யாருடையது என்று ஒவ்வொரு துண்டுக்கும் கண்டுபிடித்து விண்ணப்பியுங்கள். ஒரே தெருவுக்கு இரண்டு மூன்று துறைகள் உரிமை கொண்டாடும். எவ்வளவு ஆழம், எந்த ஓரம், மூடித் தரும் தரம் எல்லாம் அந்தந்த ஊர் விதிப்படி. எழுத்தில் வாங்குங்கள்.

தோண்டுவதற்கு முன் கேபிள் லொகேட்டரும் தரை ஊடுருவும் ரேடாரும் வைத்துப் பார்த்தாலும், சந்தேகமான இடங்களில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பதற்கு ஈடில்லை. பழைய வரைபடங்களில் ஒரு மீட்டர் தள்ளிக் காட்டியிருக்கும் குழாய்கள் சர்வசாதாரணம்.

6. எப்படித் தோண்டுவது

திறந்த பள்ளம் மெதுவானது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்து வேலை செய்யலாம். டக்டுக்குக் கீழே கல் இல்லாத மண் அல்லது மணல் படுக்கை போட்டு, மேலே பாதி மண் நிரப்பியபின் எச்சரிக்கை நாடாவை விரித்து, அதன்மேல் மீதியை இறுக்குங்கள். அடுத்து தோண்ட வருபவருக்கு டக்டுக்கு முன்பு நாடா தென்பட வேண்டும் என்பதே நோக்கம். நாடாவை டக்டின் மேலேயே படுக்கவைத்தால் பயனில்லை. ஃபைபரில் உலோகம் இல்லை என்பதால் லொகேட்டருக்கு அது தெரியாது. கூடவே ஒரு செம்புத் தேடுகம்பி போடுங்கள்.

படுக்கைத் துளை இயந்திரம் சாலையை வெட்டாமல் அடியில் துளைத்துக்கொண்டு போகும். அகலச் சாலைகளைக் கடக்க இதுதான் வழி. இதன் பெரிய ஆபத்து, கழிவுநீர்க் குழாயின் நடுவிலேயே துளைத்துப் போய்விடுவது. அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து அடைப்பு எடுக்க வரும் கருவி டக்டை அறுக்கும்போதுதான் தெரியும். பக்கத்தில் எரிவாயுக் குழாய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. துளைத்து முடித்ததும் அந்தப் பகுதிக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மைக்ரோ ட்ரெஞ்ச் என்பது வட்ட ரம்பத்தால் சாலையில் ஒல்லியான பிளவு வெட்டி, மைக்ரோடக்டைச் செருகி அடைப்பது. வேகம் அதிகம், குப்பை குறைவு. ஆழம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லூயிவில் நகரமே சாட்சி. அங்கே கூகுள் ஃபைபர் இரண்டு அங்குல ஆழத்தில்தான் பிளவு வெட்டியது; அடைத்த பொருள் பெயர்ந்து கேபிள் சாலையில் வெளியே வந்தது. 2019இல் அந்த நகரத்தையே விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சாலையின் மேல்தளத்தை அடுத்த முறை சுரண்டி எடுக்கும்போது ரம்பப் பல் எட்டாத ஆழத்தில் டக்ட் இருக்க வேண்டும். இந்த முறையில் ஆழத்தை நிர்ணயிக்கும் அளவுகோல் அதுதான்.

கம்பத்தில் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் விரைவு. மின்கம்பத்தில் உலோகமே இல்லாத, தன்னைத் தானே தாங்கும் ஏடிஎஸ்எஸ் கேபிள் போடுங்கள். உலோகக் கவசம் உள்ள கேபிள் என்றால் எர்த் செய்யாமல் விடக்கூடாது. கம்பம் கூடுதல் சுமையைத் தாங்குமா, மின்கம்பிக்கும் கேபிளுக்கும் விதிப்படி இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு கம்பத்திலும் பார்க்க வேண்டும். அணில் கடிக்கும் பகுதிகளில் கவசம் இல்லாத கேபிள் நிலைக்காது.

7. கேபிளை டக்டுக்குள் ஊதுவது

இழுப்பதைவிடக் காற்றால் ஊதித் தள்ளுவது இழைக்கு நல்லது. காற்று கேபிளை அதன் நீளம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போவதால் ஒரே இடத்தில் பலம் விழாது. சாதகமான பாதையில் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய்விடும். 10 மி.மீ. உள்விட்டம் உள்ள மைக்ரோடக்டுக்கு 8 மி.மீ.க்கு மேற்பட்ட கேபிள் வேண்டாம்.

ஊதும் முன் மூன்று சோதனை: ஸ்பாஞ்ச் விட்டுத் தண்ணீரையும் மண்ணையும் வெளியேற்றுங்கள், சரியான அளவு உருண்டை ஒன்றை ஊதி அனுப்பி, எங்காவது டக்ட் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மறுமுனையை அடைத்துக் காற்றழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி வழியில் கேபிள் நின்றுவிட்டால் அநேகமாகக் காரணம் இவற்றில் ஒன்றுதான். வெயில் நேரத்தில் இன்னொரு காரணமும் சேரும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக இருந்தால் டக்டும் கேபிள் உறையும் இளகி, உராய்வு ஏறும். காற்றைக் குளிர்விக்கும் பகுதி உள்ள கம்ப்ரஸர் வாங்குங்கள், அல்லது அதிகாலையில் ஊதுங்கள்.

கையால் இழுக்கும் இடங்களில் கேபிளின் விட்டத்தைப் போல் 20 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக்கூடாது; இழுத்து முடித்து நிலையாக வைத்தபின் 10 மடங்கு வரை போகலாம். ஜாயின்ட் வரும் ஒவ்வொரு சேம்பரிலும் 10 முதல் 20 மீட்டர் உபரியைச் சுருட்டி வையுங்கள். ஸ்ப்லைஸ் செய்ய க்ளோஷரை (ஸ்ப்லைஸ்களை மூடிக் காக்கும் பெட்டி) மேலே தூக்கி வண்டிக்குள் வைக்க அந்த நீளம் வேண்டும்.

8. ஸ்ப்லைசிங்

முதலில் எண். பரவலாகப் புழங்கும் நிற வரிசை இது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. பன்னிரண்டு பன்னிரண்டு இழைகளாக வைத்திருக்கும் டியூபுக்கும் இதே வரிசை, உள்ளிருக்கும் இழைக்கும் இதே வரிசை. 144 இழை கேபிளில் 77ஆவது இழையைத் தேட வேண்டுமா? ஆறு டியூபில் 72 போய்விட்டது, ஆக ஏழாவது சிவப்பு டியூபில் ஐந்தாவது சாம்பல் இழை. சில நாடுகளிலும் சில தயாரிப்புகளிலும் வரிசை வேறு. கேபிள் தயாரித்தவரின் தாளைப் பார்க்காமல் முதல் க்ளோஷரைத் திறக்காதீர்கள். சாம்பலையும் வெள்ளையையும், ரோஸையும் சிவப்பையும் மங்கலான வெளிச்சத்தில் மாற்றி எடுப்பது அடிக்கடி நடக்கும். வண்டிக்குள் வெள்ளை விளக்குப் போடுங்கள்.

வேலை வரிசை மாறக்கூடாது. வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவை முதலில் இழையில் கோத்துவிடுங்கள். ஒட்டியபின் கோக்க வழியே கிடையாது. 250 மைக்ரான் பூச்சை 3 முதல் 4 செ.மீ. வரை உரித்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். அதன் பிறகுதான் க்ளீவரில் வெட்ட வேண்டும். வெட்டியபின் முனையைத் துடைக்கவோ எதிலும் படவிடவோ கூடாது, துடைத்தால் தூசுதான் ஏறும். வெட்டுக் கோணம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். மெஷினில் வைத்து ஒட்டியதும், அது காட்டும் இழப்பு 0.05க்குள் இருந்தால் நல்லது, 0.1ஐத் தாண்டினால் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஸ்லீவை ஒட்டிய இடத்துக்கு நடுவில் நகர்த்திச் சூடேற்றி, ஆறியபின் க்ளோஷரின் ட்ரேயில் படுக்கவையுங்கள். சூடாக இருக்கும்போதே வளைத்து வைத்தால் இழை உள்ளேயே வளைந்து இறுகிவிடும்.

ஒரே மாதிரி மோசமான ஸ்ப்லைஸ் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் க்ளீவர் பிளேடு தேய்ந்திருக்கும் அல்லது மெஷினில் இழை உட்காரும் வி-பள்ளத்தில் தூசு இருக்கும். காலையில் நன்றாக வந்து மதியம் கெட்டால் மெஷினின் ஆர்க் (இழையை உருக்கும் மின்பொறி) அளவுத்திருத்தத்தை ஓடவிடுங்கள், வெப்பமும் ஈரப்பதமும் மாறியிருக்கும். வெட்டி விழும் கண்ணாடித் துண்டுகளைத் தனி டப்பாவில் போடுங்கள். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. ஒளி ஓடும் இழையின் முனையை நேரே பார்க்காதீர்கள். அது அகச்சிவப்பு, கண் கூசாது, ஆனால் கெடுக்கும்.

க்ளோஷரை மூடும் முன் ட்ரேயைப் படம் எடுத்து, எந்த இழை எதோடு சேர்ந்தது என்ற அட்டவணையை அன்றைக்கே பதிவில் ஏற்றுங்கள். வார இறுதியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட அட்டவணைகளை நம்பி யாரும் பழுது பார்க்க முடியாது.

9. சோதனை

ஓடிடிஆர் கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எங்கே என்ன இழப்பு என்று கோடு போடும். ஒவ்வொரு இழையையும் 1310, 1550 இரண்டிலும் பாருங்கள். ஒரே இடத்தில் 1550இல் இழப்பு பெரிதாகவும் 1310இல் சிறிதாகவும் இருந்தால் அங்கே இழை வளைந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஸ்ப்லைஸ் மோசம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம். வாடிக்கையாளர்கள் ஓடிக்கொண்டிருக்கும் இழையில் சோதிக்க 1625 அல்லது 1650 நானோமீட்டர், கூடவே ஃபில்டர் வேண்டும்.

கருவிக்கும் வலையமைப்புக்கும் நடுவே லாஞ்ச் கேபிள் என்ற நீண்ட இழைச்சுருள் போடாவிட்டால் முதல் கனெக்டர் கருவியின் குருட்டு மண்டலத்துக்குள் (தொடக்கத்தில் அது எதையும் பிரித்துக் காட்ட முடியாத தூரம்) மறைந்துபோகும். சில ஸ்ப்லைஸ்களில் இழப்புக்குப் பதிலாக ஒளி கூடியதுபோல் காட்டும். இரண்டு இழைகளின் சிதறல் தன்மை வேறாக இருப்பதால் வரும் தோற்றம் அது. இரு முனையிலிருந்தும் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மை இழப்பு கிடைக்கும்.

ஓடிடிஆர் காட்டும் தூரம் இழையின் நீளம், சாலையின் நீளம் இல்லை. டியூபுக்குள் இழை சுற்றிச்சுற்றிப் போகும், சேம்பர்களில் உபரி சுருண்டிருக்கும். 3,420 மீட்டரில் அறுந்திருக்கிறது என்று கருவி சொன்னதும் நிலையத்திலிருந்து சாலையை அளந்துகொண்டு போனால் தவறான இடத்தில் தோண்டுவீர்கள். பக்கத்தில் இருக்கும் தெரிந்த ஜாயின்டைக் கோட்டில் கண்டுபிடித்து, அங்கிருந்து மிச்சத் தூரத்தை அளங்கள். ஒளிவிலகல் எண்ணைத் தவறாக வைத்ததால் வரும் பிழை இதோடு ஒப்பிட்டால் சிறிது: 1.468 என்பதில் 0.001 மாறினால் பத்துக் கிலோமீட்டருக்குச் சுமார் 7 மீட்டர்.

ஓடிடிஆர் நன்றாக இருந்தும் ஒளி குறைந்தால் கனெக்டரைப் பாருங்கள். ஒளி ஓடும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான்; அதன்மேல் ஒரு தூசு உட்கார்ந்தால் போதும். நுண்ணோக்கியில் பார், சுத்தம் செய், மறுபடி பார்த்தபின் செருகு. புதிதாக உறை பிரித்த பேட்ச் கார்டுக்கும் இதே விதி. பச்சை நிற ஏபிசி கனெக்டரை நீல நிற யுபிசியில் செருகாதீர்கள். ஏபிசியின் முனை 8 டிகிரி சாய்வு, மற்றது நேர். செருகும்போது சரியாகப் பொருந்தியதுபோல் தெரியும், ஆனால் நடுவில் காற்றிடைவெளி விழுந்து ஒளி எதிரொளிக்கும், முனையும் கீறும்.

10. வீட்டுக்குள்

வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் டிராப் கேபிளில் ஜி.657.ஏ2 வகை இழை இருக்கட்டும், 7.5 மி.மீ. ஆரம் வரை வளைவைத் தாங்கும். அந்தக் கேபிளோடு வரும் தாங்கு கம்பியைச் சுவரின் வெளியிலேயே கொக்கியில் முடித்துவிட்டு, உலோகமில்லாத பகுதியை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். நுழையும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு சுற்று வளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே ஓடாது.

வீட்டு முனையில் கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து வரும் ‘விட்டுவிட்டு வருது’ புகார்களில் நிறைய அங்கேதான் போய் நிற்கும். வெயிலிலும் அதிர்விலும் உள்ளிருக்கும் இழை நகர்ந்துவிடும். பிக்டெயிலை (ஒரு முனையில் கனெக்டரோடு வரும் குட்டி இழை) ஸ்ப்லைஸ் செய்வதே மேல்.

பெட்டியை மாட்டும் முன் பவர் மீட்டரை 1490இல் வைத்து அளங்கள். மேலே பார்த்த ஒன்பது கிலோமீட்டர் வீட்டுக்கு ஓஎல்டி +3 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) அனுப்பினால், 1490இல் இழை இழப்பு கி.மீ.க்குச் சுமார் 0.25 என்று வைத்து, வீட்டில் −19 அளவில் வர வேண்டும். −23 வந்தால் பெட்டி ஓடும். பி+ பெட்டி −27 வரை தாங்கும் என்பதால் விளக்கும் பச்சையாக எரியும். அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். கணக்குக்கும் அளவுக்கும் நடுவே காணாமல்போன 4 டெசிபல் எங்கோ ஒரு வளைவிலோ அழுக்கிலோ இருக்கிறது.

11. இணைப்பைத் தொடக்குவது

ஓஎன்டியின் வரிசை எண்ணை ஓஎல்டியில் பதிந்து, வேகத் திட்டத்தையும் விலானையும் (VLAN, போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) ஒட்டினால், ஓஎல்டி அந்தப் பெட்டியின் தூரத்தை அளந்து அதற்கென நேரத் துண்டு ஒதுக்கும். பெட்டி ஓ5 என்ற இயங்கு நிலைக்கு வந்துவிட்டால் ஒளிப்பக்கம் முடிந்தது. பிபிபிஒஇ (PPPoE, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) பயன்படுத்தினால் எம்டியு (ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 பைட் என்பதை மறக்காதீர்கள். மறந்தால் பெரும்பாலான தளங்கள் திறக்கும், சில மட்டும் பாதியில் தொங்கும். வாடிக்கையாளர் அந்தத் தளத்தைத் திட்டுவார். பொது ஐபிவி4 முகவரி போதாத இடத்தில் 100.64.0.0/10 தொகுதியை வைத்து ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரலாம், ஆனால் ஐபிவி6ஐ முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

12. அறுந்தபின்

ஒரே பான் போர்ட்டில் எல்லாப் பெட்டியும் அணைந்தால் உடனே ஆளை அனுப்பாதீர்கள், பதிவைப் பாருங்கள். மின்சாரம் போகும்போது ஓஎன்டி அணையும் கடைசி நொடியில் ‘டையிங் காஸ்ப்’ என்ற செய்தியை அனுப்பிவிடும். எல்லாரிடமிருந்தும் அது வந்திருந்தால் அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. ஒருவரிடமிருந்தும் வரவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது. பெட்டிகள் ஒழுங்கில்லாமல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தால் மூன்றாவது காரணம்: ஏதோ ஒரு பெட்டி தன் முறை வராமலேயே ஒளியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க, கேபினெட்டில் ஸ்ப்லிட்டரின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கிளையைக் கழற்றும்போது மற்றவை சீராகின்றனவோ அந்த வீட்டுப் பெட்டியை மாற்றுங்கள்.

அறுந்த இடத்தில் கேபிளைச் சும்மா இழுத்துச் சேர்க்க முடியாது. பொக்லைன் இழுத்த கேபிளில் இருபுறமும் சில மீட்டர் தூரம் இழைகள் உள்ளுக்குள் விரிந்து நொறுங்கியிருக்கலாம். நல்ல இழை கிடைக்கும் வரை இருபக்கமும் வெட்டி, அதே எண்ணிக்கை இழை உள்ள துண்டுக் கேபிளை நடுவே வைத்து இரண்டு க்ளோஷரில் ஒட்ட வேண்டும். அந்தத் துண்டை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். வரிசைப்படி முதல் டியூபிலிருந்து ஒட்டத் தொடங்காதீர்கள். மருத்துவமனை, வெளி இணைப்பு, ஃபீடர் ஓடும் டியூப்களைப் பட்டியலில் பார்த்து அவற்றை முதலில் ஒட்டுங்கள், காலி இழைகள் விடிந்தபின் ஒட்டப்படட்டும். முடிந்ததும் இரு முனையிலிருந்தும் ஓடிடிஆர் எடுத்து, கூடிய நீளத்தையும் இரண்டு புதிய ஜாயின்ட்களையும் வரைபடத்தில் ஏற்றுங்கள். அந்தக் கேபினெட்டின் தூரத்து வீட்டுக்குப் போட்ட இழப்புக் கணக்கில் 0.2 டெசிபலைக் கூட்டி, கையிருப்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எழுதிவையுங்கள்.